‘டிசென்ட்’: ஒரு சொல்லுக்கு உரை

எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் முதுகலைக்குப் போவது இப்போது அதிசயமில்லை. எம்.காம்., பி.எட்., நர்சிங் என்று போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ‘பன்னாட்டு அமைப்புகளும் உலக ஆளுகையும்’ என்று ஒரு படிப்பை எடுத்துக்கொண்டு போனவள் அவள் ஒருத்திதான். பெயர் வேண்டாம். எதிர்வீடு. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். காலையில் தவளக்குப்பம் சந்திப்பில் நின்று கடலூரிலிருந்து வரும் பஸ்ஸில் தொத்திக்கொண்டு போகிறவள், பொழுதுசாய ஒரு கட்டு ஜெராக்ஸோடு திரும்புவாள். போன மாதம் ஒருநாள் அந்தக் கட்டோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள்.

“அக்கா, நீங்க எம்.ஏ. தமிழ்தானே. டிசென்ட்டுக்குத் தமிழ்ல இன்னா?”

நடவுக்குப் போய்விட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அவள் அம்மா காதில் இது விழுந்துவிட்டது. “டீசன்ட்டுன்னா சுத்தமா துணி உடுத்தினு, நறுவிசா பேசினு போறதுதாண்டி. இதக் கேக்கவா காலேஜிக்குப் போற?” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கேட்டது வேறு சொல். ஒருவர் எந்த வழியில் பிறந்தார், யாருக்குப் பிள்ளை என்பதைக் குறிக்கும் சொல். ஆனால் அம்மா சொன்ன பொருள் ரொம்பத் தூரத்திலும் இல்லை. யார் யாருக்குப் பிள்ளை என்று பார்த்துத்தானே இந்த நாட்டில் யார் டீசன்ட்டு, யார் டீசன்ட்டு இல்லை என்று முடிவாகிறது?

அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று காட்டினாள். எல்லா வகையான இனப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை. ஐ.நா. பொதுச்சபை 1965 டிசம்பர் 21இல் ஏற்றுக்கொண்டது. அதன் முதல் உறுப்பு, இனப் பாகுபாடு என்றால் எதுவெது என்று வரிசைப்படுத்துகிறது. இனம், நிறம், பிறகு இந்த டிசென்ட், பிறகு தேசிய வழி, இனக்குழு வழி. ஐந்து சொற்கள். வகுப்பில் இவள் எழுந்து, “சார், இந்த மூணாவது வார்த்தையில சாதி வருமா?” என்று கேட்டிருக்கிறாள். “அது சோஷியாலஜி டிபார்ட்மென்ட்ல கேக்க வேண்டியதும்மா. இது இன்டர்நேஷனல்” என்று பதில். எந்தக் கல்வி நிறுவனம், எந்த ஆசிரியர் என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு தனி மனிதரின் அறியாமையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அந்தப் பதில் ஒரு முழுப் படிப்பின் குரல். அதனால் அந்தப் படிப்பையே ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். இரண்டு வாரம் அவளுடைய குறிப்புகள், ஜெராக்ஸ்கள், இரவல் புத்தகங்கள் எல்லாம் என் வீட்டில்தான் இருந்தன.

முதல் அலகு ஐ.நா. சபையின் ஆறு முதன்மை உறுப்புகள். பொதுச்சபை, பாதுகாப்புச் சபை, பொருளாதார சமூக சபை, அறங்காவலர் சபை (1994லிருந்து இதற்கு வேலை கிடையாது), நீதிமன்றம், செயலகம். எத்தனை சபை! சபை என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஊர்ச் சபை கூடினால் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எட்ட நிற்க வேண்டும், கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் நம் தாத்தன்களுக்கு அந்தச் சொல் அறிமுகம். நியூயார்க் சபையில் 193 நாடுகள். பத்தாயிரம் பேர் அளவே உள்ள துவாலுவுக்கு ஒரு நாற்காலி, ஒரு ஓட்டு. இருக்கட்டும், அவர்கள் உரிமை. 2011 கணக்கெடுப்பில் அட்டவணைச் சாதியார் 20 கோடிக்கு மேல். இந்தப் புதுச்சேரிப் பக்கம் நிறைய இருக்கிற கிறிஸ்தவ தலித்துகளை அந்தக் கணக்கு சேர்க்கவே இல்லை. இவ்வளவு பேருக்காக அங்கே பேசுகிறவர் யார்? அரசு. அதாவது நம்மை எட்ட நிற்க வைத்த ஊரின் பிரதிநிதி. இந்தப் படிப்பு அரசு என்பதை ஒற்றை ஆளாகப் பார்க்கிறது. ‘இந்தியா கருதுகிறது’, ‘இந்தியா மறுத்தது’ என்றுதான் எல்லா வாக்கியமும். அந்த இந்தியாவுக்குள் ஊர் இருக்கிறதா, சேரி இருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே இலக்கணமே கிடையாது.

இரண்டாவது அலகுதான் எனக்கு வேடிக்கை. ‘அரசாங்கம் இல்லாத ஆளுகை’ என்று ஒரு கோட்பாடு. ரோஸ்னோ, செம்பியல் என்ற இருவர் தொகுத்து 1992இல் அந்தத் தலைப்பிலேயே புத்தகம் வந்திருக்கிறது. மேலே ஓர் அரசாங்கம் இல்லாமலேயே, எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிகளாலும் பழக்கங்களாலும் ஓர் ஒழுங்கு நடக்க முடியும், உலகம் அப்படித்தான் நடக்கிறது என்பது சாரம். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல இருக்கிறது. நம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே! எழுதாத சட்டம், போலீஸ் இல்லாத தண்டனை, யாரும் கையெழுத்துப் போடாத உடன்படிக்கை, ஆனால் மீறினால் தண்ணி கிடையாது, வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. சாதிப் பஞ்சாயத்துக்கு இதைவிடக் கச்சிதமான வரையறை உண்டா? மதுரை மாவட்டம் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996இலிருந்து 2006 வரை பத்து வருஷம் ஊராட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. அரசாங்கம் ஒரு பக்கம், ஆளுகை இன்னொரு பக்கம் நின்றது. ஜெயித்தது ஆளுகை. ‘எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி’ என்று எழுதும்போது அந்த எல்லோரில் யார் இல்லை என்று கேட்காத கோட்பாடு, உலகத்துக்குப் போனாலும் ஊரிலேயேதான் நிற்கிறது.

1995இல் உலக ஆளுகைக்கான ஆணையம் என்று ஒன்று தந்த அறிக்கையும் பாடத்தில் உண்டு. அதன் தலைப்பைத் தமிழாக்கினால் ‘உலகமே நம் அக்கம்பக்கம்’ என்று வரும். ஸ்வீடனின் இங்வார் கார்ல்சனும் கயானாவின் ஸ்ரீதத் ராம்பாலும் இணைத் தலைவர்கள். நல்ல எண்ணத்தோடு எழுதியதாகவே படுகிறது. ஆனால் தலைப்பைப் படித்ததும் என் மனசில் வந்தது, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற அந்த வெற்றிடம்தான். அக்கம்பக்கம்தான் நாங்கள். நூறு வருஷமாக அக்கம்பக்கம். அதனால் என்ன? ராம்பால், ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியர்களின் வழிவந்தவர். அவருக்காவது இது உறைத்திருக்கக்கூடாதா என்று ஓர் ஆதங்கம்.

ஒப்பந்தக் கூலி என்றதும் இந்த மண்ணைச் சொல்லாமல் போக முடியாது. நம் ஆட்கள் பன்னாட்டுச் சட்டத்துக்குள் முதலில் நுழைந்தது மனித உரிமை வழியாக அல்ல, சரக்காக. அடிமை முறையை 1848இல் ஒழித்த பிரான்சுக்குத் தோட்டங்களில் ஆள் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க 1860இலும் 1861இலும் இரண்டு வல்லரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றினார்கள். ரீயூனியன், மர்த்தினிக், குவாதலூப். போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் எத்தனையோ பேர். இன்னொன்று: 1946 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, தன்னாட்சி பெறாத நிலப்பகுதிகள் என்று 74 இடங்களைப் பட்டியலிட்டது. பிரான்சின் கணக்கில் ‘இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் நாங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தத் திண்ணையும் அடக்கம். இதைச் சொன்னபோது அவள் கண் விரிந்தது. “எங்க நோட்ஸ்ல இது இல்லக்கா” என்றாள். இருக்காது.

அதே 1946. பாடத்தில் இல்லாத இரண்டு சம்பவங்கள் அந்த வருஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. ஒன்று பாதியாவது பாடத்தில் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் ஒதுக்கி வைக்கப்படுவதை இந்தியா ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. தலையிட முடியாது என்றார் ஸ்மட்ஸ். மனிதரை மனிதர் ஒதுக்குவது எந்த நாட்டின் உள்வீட்டு விவகாரமும் அல்ல என்று இந்தியத் தரப்பு வாதாடி, டிசம்பர் 8இல் தீர்மானத்தை நிறைவேற்றியது. பெருமைப்பட வேண்டிய வாதம். மற்றது, அதே வருஷம் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதம். கறுப்பின மக்களின் அமைப்பு ஒன்று ஐ.நா.வுக்கு மனுக் கொடுத்திருப்பதை அறிந்து, அதன் படி வேண்டும், தீண்டப்படாதவர்களும் அப்படிச் செய்ய நினைக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். ஜூலை கடைசியில் டு பாய்ஸ் பதில் போட்டார். ஆனால் நம்முடைய மனு போகவில்லை. ஏன் என்று 1951 அக்டோபரில், அமைச்சர் பதவியைவிட்டு விலகியபோது வெளியிட்ட அறிக்கையில் அம்பேத்கரே சொல்கிறார். அட்டவணைச் சாதியாரின் நிலைபற்றி ஐ.நா.வுக்குக் கொடுக்க அறிக்கை தயாரித்திருந்தார், அரசியல் நிர்ணய சபைக்கும் வரப்போகும் பாராளுமன்றத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்தார். கொடுத்துப் பார்த்ததன் பலனை விலகல் அறிக்கையிலேயே சொல்லியும் விட்டார்.

‘பன்னாட்டு அமைப்புகளின் வரலாறு’ என்று ஒரு தாள் எழுதும்போது, கொடுக்கப்பட்ட மனுக்களைப் போலவே கொடுக்காமல் மடித்து வைத்த இந்த மனுவும் வரலாறுதான் என்று இந்தப் படிப்புக்குத் தெரியவில்லை. வாசல்படிவரை வந்து நின்றவர்களின் பக்கமிருந்து எழுதினால் ஐ.நா.வின் வரலாறு வேறு மாதிரி இருக்கும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். டிசென்ட். அதை அந்த உடன்படிக்கையில் சேர்த்தது யார்? அமெரிக்காவா, ஆப்பிரிக்க நாடுகளா? இந்தியா. 1965இல் பொதுச்சபையின் மூன்றாம் குழுவில் முதல் உறுப்புக்குத் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை உள்ளே வைத்தது இந்தியத் தரப்பு. முப்பது வருஷம் கழித்து, 1996இல், உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஜெனிவாக் குழு இந்தியாவின் அறிக்கையைப் பரிசீலித்தபோது, அதே இந்தியா, ‘அந்தச் சொல் இனத்தைத்தான் குறிக்கும், சாதியைக் குறிக்காது’ என்றது. குழு ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சொல் இனத்தை மட்டும் குறிப்பதல்ல, அட்டவணைச் சாதியாரின் நிலையும் இதற்குள் வரும் என்று எழுதியது.

இங்கே என் எம்.ஏ. தமிழ் கொஞ்சம் உதவிற்று. அந்தப் படிப்பில் எனக்குக் கசந்தது நிறைய. ஆனால் இலக்கண உரைகளை வாசித்தது வீண்போகவில்லை. சூத்திரத்தில் ஒரு சொல் தேவையில்லாமல் நிற்பதுபோலத் தெரிந்தால், உரைகாரர் அதை வெட்டி எறிய மாட்டார். நூல் செய்தவன் வெறுமனே ஒரு சொல்லைப் போட மாட்டான், இந்த மிகையால் வேறொரு பொருள் கொள்ளப்படும் என்று எழுதுவார். சேனாவரையரைப் படித்தவர்களுக்கு இது தண்ணிபட்ட பாடு. அந்த முறையிலேயே இதைப் பாருங்கள். டிசென்ட் என்றால் இனம் மட்டும்தான் என்றால், இனம் என்ற சொல் முதலிலேயே நிற்கிறதே, பிறகு இது எதற்கு? இனத்துக்கும் நிறத்துக்கும் அடங்காத ஏதோ ஒன்றைச் சொல்லத்தானே மூன்றாவதாக ஒரு சொல் வந்தது? சூத்திரம் செய்தவனே வந்து ‘நான் அப்படி நினைக்கவில்லை’ என்று சாதித்தாலும், சொல் அவனைவிட்டுப் போய்விட்டது. 2002 ஆகஸ்டில் அதே ஜெனிவாக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் முடிவாகச் சொன்னது: சாதியும் அதைப்போன்ற பரம்பரைத் தகுதி முறைகளும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். நம் பண்டிதர்கள் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செய்த வேலைதான் இது.

அந்தப் பரிந்துரையை ஓர் இலக்கியப் பிரதியாக வாசித்துப் பார்த்தேன். பாகுபாட்டுக்கு அடையாளங்கள் என்று வரிசை போடுகிறார்கள். பிறந்த தகுதியை மாற்றிக்கொள்ள முடியாமை. வெளியே கல்யாணம் செய்துகொள்ளத் தடை. குடியிருப்பு, பள்ளிக்கூடம், கோவில், சோறு, தண்ணி இவற்றில் தனி வரிசை. இழிவான தொழிலை விட முடியாமை. கடனுக்கு அடிமை. தீட்டு என்ற பேச்சு. படித்துக்கொண்டே வரும்போது எங்கோ படித்த பொருளடக்கம்போல இருந்தது. பாமாவின் ‘கருக்கு’ வந்தது 1992இல். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல். ஜெனிவா எழுத்தில் போடுவதற்குப் பத்து வருஷம் முன்பே தமிழில் இது எழுதப்பட்டாயிற்று. சாட்சியம் முதலில் வந்தது, விதி பின்னால் வந்தது. ஆனால் உலக ஆளுகை படிக்கிறவளுக்குக் ‘கருக்கு’ பாடமில்லை, தமிழ் படித்த எனக்கு 29ஆம் பரிந்துரை பாடமில்லை. துறை என்று நாம் சொல்வதே ஒருவகைத் தனித்தனித் தண்ணித்துறையாகத்தான் இருக்கிறது.

டர்பனை வந்து தொட வேண்டும். 2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை, இனவெறிக்கு எதிரான உலக மாநாடு. நம் ஆட்கள் நூறு பேருக்கு மேல் போனார்கள். சாதியைக் குறிப்பிடாமல், ‘தொழிலையும் பிறப்பையும் காரணமாகக் கொண்ட பாகுபாடு’ என்று ஒரு பத்தி வரைவில் இருந்தது. இறுதிப் பிரகடனத்தில் அது இல்லை. இந்திய அரசு, சாதி எங்கள் உள்வீட்டு விவகாரம், அதற்கு எங்கள் அரசியல் சட்டமே போதும் என்றது. 1946இல் ஸ்மட்ஸ் பேசியதை 2001இல் டெல்லி பேசியது. பேசிய இடம் எது? அதே தென்னாப்பிரிக்கா. 1860இல் சென்னையிலிருந்து கூலிக்கப்பல் போய் இறங்கிய அதே டர்பன். இப்படி ஒரு காட்சியைக் கதையில் எழுதினால், ரொம்பச் செயற்கை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஆனால் எதிர்த்தரப்பில் ஒரு வாதம் இருந்தது, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. சாதி இனமல்ல என்றார்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அந்த வருஷமே, சாதியை இனமாகப் பார்ப்பது அறிவியலுக்கே பொருந்தாது என்று கடுமையாக எழுதினார். நம் தரப்பில் பலர் அவரைத் திட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் சாதி இனமல்ல என்று 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் சொன்னவர் அம்பேத்கர். பஞ்சாபின் பிராமணனும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனவழிதான், சாதி இனத்தைப் பிரிக்கவில்லை, ஒரே இனத்து மக்களைப் பிரிக்கிறது என்றவர் அவர். அப்படியானால் டர்பனுக்குப் போனவர்கள் அம்பேத்கருக்கு எதிராகப் போனார்களா? இந்தக் கேள்வியை நம் கூட்டங்களில் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கேட்க வேண்டும். கேட்டால்தான் அந்த மூன்றாவது சொல்லின் அருமை தெரியும். சாதியை இனம் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயமே நமக்கு இல்லை. மூக்கையும் மண்டையோட்டையும் அளந்து காட்ட வேண்டியதில்லை. பிறப்பு என்ற ஒன்றே போதும். தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். இங்கே இனம் என்றால் திராவிட இனம், தமிழினம். அந்த இனத்துக்குள் நாங்களும் உண்டு, மேடையில் முன்வரிசையில் கோஷம் போடவும் உண்டு, சுடுகாட்டுக்கு மட்டும் தனிப்பாதை. ‘இனப் பாகுபாடு’ என்று மொழிபெயர்த்த உடனே வெள்ளைக்காரனும் கறுப்பனும்தான் கண்ணுக்குத் தெரிகிறார்களே ஒழிய, ஊரும் சேரியும் தெரிவதில்லை.

அரசின் நாக்கு எப்படி இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதற்கு இன்னொரு தேதி. 2006 டிசம்பர் 27இல் டெல்லியில் ஒரு மாநாட்டில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமையைத் தென்னாப்பிரிக்க நிறவெறியோடு ஒப்பிட்டுப் பேசினார். கைதட்டினோம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2007 பிப்ரவரியில் ஜெனிவாவில் அவருடைய அரசின் தூதுக்குழு, சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்று மறுபடியும் நின்றது.

நான் இந்த ஜெராக்ஸ் கட்டைப் படித்து முடித்த ராத்திரி தூங்க முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. குறிப்பின் ஒரு மூலையில், உறுப்பு நாடுகள் எப்போது ஏற்புக் கையெழுத்து வைத்தன என்று ஓர் அட்டவணை இருந்தது. இந்தியா: 1968 டிசம்பர் 3. அவள் அந்தத் தேதியைத் தேர்வுக்காக அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். எனக்கு டிசம்பர் 1968 என்றால் ஒன்றுதான். கீழவெண்மணி. டிசம்பர் 25. இருபத்திரண்டு நாள். பிறப்பின் பேரால் எவரையும் ஒதுக்க மாட்டோம், அவர்கள் உயிரைக் காப்போம் என்று உலகத்துக்கு எழுதிக் கொடுத்த இருபத்திரண்டாம் நாள் ராத்திரி, கீழத்தஞ்சையில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதாரை விடுதலை செய்தது. ‘உடன்படிக்கை அமலாக்கம்: சவால்கள்’ என்று ஒரு அலகு இருக்கிறது. அதில் ருவாண்டா இருக்கிறது, போஸ்னியா இருக்கிறது. படிக்க வேண்டியதுதான். இங்கேயிருந்து பஸ் ஏறினால் அரைநாளில் போய்ச்சேரும் வெண்மணி இல்லை.

காலையில் அவளைக் கூப்பிட்டு இரண்டு தேதியையும் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

நம்மைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையில்லை. ஜெனிவாவுக்கும் டர்பனுக்கும் போய்வந்தவர்கள் கொண்டுவந்த அறிக்கைகள் முக்கால்வாசி ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. போகிறவர்களும் போனவர்களே திரும்பத் திரும்பப் போகிறார்கள். அந்நியப் பணம் என்று எதிரி சொல்வதை விட்டுத்தள்ளுவோம். ஆனால் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டதை விட்டுத்தள்ள முடியாது: “ஜெனிவாவுல சொன்னா இங்க சுடுகாட்டுக்குப் பாத வருமா?” வராது. இந்த உடன்படிக்கையின் 14ஆம் உறுப்பை ஏற்றுக்கொண்ட நாடுகளில் தனிமனிதர் நேராகக் குழுவுக்குப் புகார் அனுப்பலாம். இந்தியா அதை ஏற்கவில்லை. ஆகவே தவளக்குப்பத்திலிருந்து போகும் மனுவுக்கு அங்கே பெட்டியே கிடையாது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியபோது அதைத் திரும்ப வைத்தது ஏப்ரல் 2இல் வடக்கே ரோட்டில் இறங்கிய கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் செத்தவர்களும் உண்டு.

அப்படியென்றால் கதவு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கதவில் நம்மை நிற்க வைப்பதற்கு எதிரி எவ்வளவு மெனக்கெடுகிறான் என்று பார்த்தால் புரியும். ஐ.நா. சாசனத்தின் 71ஆம் உறுப்பு, அரசு சாராத அமைப்புகளுக்கு ஆலோசனைத் தகுதி தரலாம் என்கிறது. ‘குடிமைச் சமூகத்துக்கு ஐ.நா. திறந்த கதவு’ என்று குறிப்பில் அழகாக எழுதியிருக்கிறது. பன்னாட்டு தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு என்று கோபன்ஹேகனிலிருந்து இயங்கும் அமைப்பு 2008இல் விண்ணப்பித்தது. விண்ணப்பத்தைப் பார்க்கும் குழுவில் 19 நாடுகள். அதில் ஒன்று கேள்வி கேட்டால் அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். பதில் எழுதினால் புதுக் கேள்வி. கேட்டது இந்தியா. நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள். கடைசியில் 2022 டிசம்பரில் பொருளாதார சமூக சபையே ஓட்டெடுப்பு நடத்தித்தான் தகுதி கொடுத்தது. கிட்டத்தட்ட பதினைந்து வருஷம். ஒரு தடவைகூட ‘முடியாது’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நாளைக்கு வா’, ‘மணியக்காரர் இல்ல’, ‘இந்தத் தாளு போதாது, வேற எடுத்தா’. சாதிச் சான்றுக்கு நடந்தவர்களுக்கு இந்த மொழி பழக்கம். கடலூர்ப் பக்கமிருந்து முள்ளோடை எல்லையைத் தாண்டி இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களைக் கேளுங்கள். ஒரே சாதி, ஒரே இழிவு, நாலு மைல் தள்ளிப் பிறந்ததால் ‘குடிபெயர்ந்தவர்’ என்று வேறு முத்திரை. எங்களுக்குப் பன்னாட்டு எல்லை முள்ளோடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அவளுக்கு இப்போது ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டும். வழிகாட்டி, ‘தட்பவெப்ப மாற்றமும் உலக ஆளுகையும்’ எடுத்துக்கொள், பாதுகாப்பானது, வேலைக்கும் நல்லது என்று சொல்லியிருக்கிறார். கெட்ட தலைப்பு இல்லை. இந்தக் கடற்கரைக்கு அதுவும் தேவைதான். இவள் 71ஆம் உறுப்பையும் அந்தப் பதினைந்து வருஷத்தையும் எடுக்க நினைக்கிறாள். மதிப்பெண் போய்விடுமோ என்று பயம் இருக்கிறது. எடு என்று நான் சொல்லவில்லை. எனக்கு இரண்டு கூட்டம், நாலு கட்டுரையோடு முடிந்துவிடும், அவளுக்கு வாழ்க்கை.

சொல்லுக்கு மட்டும் விடை தேடினோம். வம்சாவளி என்றால் ராஜாக்களுக்குத்தான் பொருந்துகிறது. குடிப்பிறப்பு என்றால் அது பெருமைச்சொல், உயர்குடியில் பிறந்ததையே சொல்வது. கால்வழி என்று நல்ல தமிழ்ச்சொல் ஒன்று உண்டு. காலில் பிறந்த கதையைக் கேட்டவர்களுக்கு அது வேறு ஞாபகம் கொண்டுவரும். அதிலும் அந்தக் காலிலும் நமக்கு இடமில்லை. தமிழில் வழிமுறையைக் குறிக்கும் சொல்லெல்லாம் மேலே இருப்பவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டவையாகவே இருக்கின்றன. அவள் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னான்னு கேக்கறான் அதுல? நீ எங்க பொறந்த, யாருக்குப் பொறந்தன்னா?”

“ஆமாம்மா.”

“அப்ப பொறப்புன்னு எழுது.”

அவள் பென்சிலால் ஆங்கிலச் சொல்லின் ஓரத்தில் ‘பிறப்பு’ என்று எழுதினாள். பிறகு அழித்துவிட்டு, அம்மா சொன்னபடியே ‘பொறப்பு’ என்று எழுதினாள். தலைப்புப் படிவத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். வழிகாட்டியின் கையெழுத்து இன்னும் வாங்கவில்லை.